இரண்டு தொதரோவ்களில் மூத்தவர்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தமிழ் இலக்கிய மாணவர். அமைப்பியல் பாடத்தில் இலக்கியக் கோட்பாட்டாளர் ஸ்வெதான் தொதரோவைப் படித்திருக்கிறார். பல்கலைக்கழக நூலகத்தில் குவாண்டம் புலக் கோட்பாட்டுப் (அடிப்படைத் துகள்களை விவரிக்கும் இயற்பியல்) புத்தகம் ஒன்றில் பொகலியூபவ், லகுனோவ், தொதரோவ் என்று மூன்று பெயர்களைப் பார்த்ததும், 'இவரும் அவரும் ஒருவரா?' என்று சந்தேகம் வந்திருக்கிறது. தேடியபோது ஒரு காணொளி கிடைத்திருக்கிறது. இயற்பியலாளர் தொதரோவ் இன்றைய ஹோலோகிராபிக் கோட்பாட்டை இருபது ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்தவர், கம்யூனிச நாட்டுக்காரர் என்பதால் மறைக்கப்பட்டவர், நோபல் பரிசு மறுக்கப்பட்டவர் என்று அதில் சொல்கிறார்களாம். பார்க்க நாலைந்து கேள்விகள்போல இருக்கிறது. ஆனால் கேட்பவர் உண்மையில் அறிய விரும்புவது ஒன்றைத்தான்: இயற்பியலாளர் தொதரோவ் என்னதான் செய்தார், அதற்கு எவ்வளவு மதிப்பு?

நான் மாறுநிலைப் புள்ளிகள் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துவிட்டு, பிறகு கல்லூரியில் இருபத்துநாலு வருஷம் இயற்பியல் நடத்தியவன். தொதரோவை நேரில் பார்த்ததில்லை. அவரும் அவருடைய சோபியா குழுவும் எழுதிய சூத்திரங்களோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான் உறவு. ஆகவே கணக்கைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மதிப்பீடு என்று வரும் இடங்களில் அது என் கருத்து என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் எளிய விடை. இருவரும் ஒருவரல்லர், உடன்பிறந்தவர்கள். இயற்பியலாளரான அண்ணன் இவான் தொதரோவ் 1933 அக்டோபர் 26 அன்று பல்கேரியத் தலைநகர் சோபியாவில் பிறந்தார். ஸ்வெதான் 1939-இல் பிறந்தவர். (பெயரைச் சிலர் டோடரோவ் என்றும் எழுதுவார்கள். பல்கேரியர்கள் வாயில் 'தொ' என்றுதான் தொடங்குகிறது.) தந்தை தொதர் போரோவ் பல்கேரியாவில் நூலகவியலையும் நூற்பட்டியல் துறையையும் வளர்த்தவர்களில் முக்கியமானவர், தாயும் நூலகர். தந்தையின் பெயரில் போரோவ், பிள்ளைகள் பெயரில் தொதரோவ் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தொதரின் மகன் தொதரோவ், அந்த ஊர் வழக்கம் அது. தம்பி 1963-இல் பாரிஸ் போய் அங்கேயே தங்கி பிரெஞ்சு எழுத்தாளராகவே ஆகிப்போனார், 2017-இல் இறந்தார். அண்ணன் உலகமெல்லாம் சுற்றினாலும் வீட்டை மாற்றவில்லை. 2025 பிப்ரவரி 14 அன்று, பிறந்த ஊரான சோபியாவிலேயே, தொண்ணூற்றொரு வயதில் காலமானார்.

இவான் 1956-இல் சோபியா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தார். அதே ஆண்டில்தான் மாஸ்கோவுக்கு வடக்கே வோல்கா கரையில், தூப்னா என்ற ஊரில், சோஷலிச நாடுகள் சேர்ந்து கூட்டு அணு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கின. மேற்கே ஜெனீவாவில் ஐரோப்பிய நாடுகளின் செர்ன் ஆய்வகம் என்றால் கிழக்கே தூப்னா. அதன் கோட்பாட்டு இயற்பியல் பிரிவுக்குத் தலைவர் நிகொலாய் பொகலியூபவ். பல்கேரிய இளைஞர் அங்கே போய்ச் சேர்ந்த நேரம் பார்த்துப் போனதுபோல அமைந்தது. ஏனென்றால் பொகலியூபவ் அப்போது ஒரு விசித்திரமான கேள்வியின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வியை உங்கள் துறை வார்த்தையிலேயே சொல்ல முடியும். எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோல இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். குவாண்டம் புலக் கோட்பாட்டில் 1940-களின் கடைசியில் இலக்கியம் பிரமாதமாக இருந்தது: எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனைக் கணக்கிட்டால் சோதனையோடு அச்சாகப் பொருந்தியது. இலக்கணம்தான் இல்லை. கணக்கின் நடுவே முடிவிலிகள் முளைத்தன, அவற்றை ஒரு சடங்குபோல நீக்கிவிட்டு விடையை எழுதினார்கள். இது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் யாரிடமும் சுத்தமான பதில் கிடையாது. அப்போது சிலர் தலைகீழாகத் தொடங்கிப் பார்த்தார்கள். முடிவிலி வருகிற கணக்குகளை மூட்டை கட்டி வைத்துவிடுவோம். எந்தக் கோட்பாடானாலும் மீறவே கூடாத விதிகளை மட்டும் எழுதுவோம். நிகழ்தகவு எதிர்க்குறியில் வரக்கூடாது. சார்பியல் பொருந்த வேண்டும். வெற்றிடத்தைவிடக் கீழான ஆற்றல் நிலை இருக்கக்கூடாது. ஒளி எட்ட முடியாத தொலைவில் இருக்கும் இரண்டு அளவீடுகள் ஒன்றையொன்று பாதிக்கக்கூடாது. இந்த நாலைந்து விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? இதற்குத்தான் முதற்கோள் முறை என்று பெயர். அமெரிக்காவில் வைட்மன் ஒரு வழியில் போனார், பொகலியூபவ் இன்னொரு வழியில்.

நினைத்ததைவிட வெகுதூரம் போக முடிந்தது. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். காரணத்துக்கு முன்னால் காரியம் வராது என்பதைக் கணித வாக்கியமாக எழுதினால், துகள்கள் மோதிச் சிதறுவதைச் சொல்லும் சார்பு, ஆற்றலைக் கலப்பெண்ணாக எடுத்துக்கொண்டாலும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று வருகிறது. அப்படி நடந்துகொண்டால், நேர்முகச் சிதறலின் ஒரு பகுதியை அளந்து மறு பகுதியைக் கணக்கிட்டுவிடலாம். பையான் என்ற துகள்களைப் புரோட்டான்மேல் மோதவிட்டு இதைச் சோதித்துப் பார்க்க முடியும், பார்த்தார்கள், பொருந்தியது. பொகலியூபவ் 1956-இல் இதற்கு நிரூபணம் கொடுத்தார். இளம் தொதரோவின் தொடக்க உழைப்பு இந்தச் சுரங்கத்தில்தான்: துகள்களின் மோதலைக் கணக்கிட உதவும் ஃபைன்மன் வரைபடங்கள் தரும் சார்புகள் எங்கே ஒழுங்காக இருக்கின்றன, எங்கே முரண்டு பிடிக்கின்றன என்று எல்லை கட்டுவது. சிக்கலான வரைபடத்தை நேரடியாகத் தொடாமல், அதைவிட எளிய ஒன்றை வைத்து அதன் எல்லையைக் கட்டுப்படுத்தும் உத்தியை அவர் வளர்த்தெடுத்தார். அதைத் தனி நூலாகவும் எழுதினார். நீங்கள் பார்த்த மூவர் புத்தகம் அதற்குப் பின்னால் வந்தது: ரஷ்ய மொழியில் 1969, ஆங்கிலத்தில் 1975. இந்தத் துறையில் அது நெடுநாள் மூலநூலாக இருந்தது. பிறகு ஒக்சாக்கும் சேர, நால்வர் பெயரில் இன்னும் பருத்த நூல் ஒன்றும் வந்தது.

இதன் குறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாம் வாழும் நான்கு பரிமாணங்களில், துகள்கள் ஒன்றையொன்று பாதிக்கும் ஒரு கோட்பாடு இந்த விதிகள் அனைத்துக்கும் உட்பட்டு நிற்கிறது என்று இன்றுவரை யாரும் கணித முறைப்படி கட்டிக் காட்டவில்லை. இலக்கணம் தயார், அந்த இலக்கணத்தில் பிழையின்றிப் பேசும் மொழி ஒன்றுகூட இன்னும் கையில் இல்லை. முதற்கோள்காரர்களை மற்ற இயற்பியலாளர்கள் கிண்டல் செய்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் கிண்டலில் பாதி நியாயம் என்றே எனக்குப் படுகிறது. மறு பாதிக்குப் பதில், தொதரோவ் அடுத்து செய்த வேலையில் இருக்கிறது.

பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்திலும் சில காலம் இருந்துவிட்டு அவர் சோபியா திரும்பி, பல்கேரிய அறிவியல் கழகத்தின் அணு ஆராய்ச்சி, அணு ஆற்றல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரைச் சுற்றி ஒரு குழு உருவானது: தோப்ரெவ், பெத்கோவா, பெத்ரோவா, மின்சேவ். 1970-களில் அவர்கள் கையில் எடுத்தது கான்ஃபார்மல் சமச்சீர்மை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொதரோவ் பெயர் நிற்கப்போவது இதில்தான்.

பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் உலகப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதிக் கிடக்கும். அளவு பொய். ஆனால் எந்த ஒரு சிறு இடத்தையும் எடுத்துப் பார்த்தால் கோணங்கள் சரியாக இருக்கும், அதனால்தான் மாலுமிகள் அதை விரும்பினார்கள். இடத்துக்கு இடம் அளவை மாற்றிக்கொண்டே கோணத்தை மட்டும் காப்பாற்றும் உருமாற்றம்தான் கான்ஃபார்மல் உருமாற்றம். மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள் இதைத் தாங்கும் என்று கன்னிங்ஹாமும் பேட்மனும் 1910 வாக்கிலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் நிறை உள்ள துகள் ஒன்று வந்துவிட்டால் இந்தச் சமச்சீர்மை உடைந்துபோகும், ஏனென்றால் நிறை என்பதே ஓர் அளவுகோலைத் திணிப்பது. அப்படியானால் இதனால் என்ன பயன் என்று பல காலம் கிடப்பில் இருந்தது.

பயன் வந்தது வேறு வாசல் வழியாக. நீரை அழுத்தத்தில் வைத்து 374 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்கினால், நீருக்கும் ஆவிக்கும் வேறுபாடு மறையும் மாறுநிலைப் புள்ளி வரும். அந்த இடத்தில் எல்லா அளவிலும் துளிகளும் குமிழிகளும் கலந்து கிடக்கும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் படம் ஒன்றுபோலவே தெரியும், எது பெரியது எது சிறியது என்று சொல்ல அளவுகோல் இல்லை. அங்கே கான்ஃபார்மல் சமச்சீர்மை இருக்க வேண்டும் என்று 1970-இல் பொல்யகோவ் எழுதினார். ஒரே அச்சில் மட்டும் மேலும் கீழும் திரும்பும் காந்தம் தன் காந்தத்தை இழக்கும் புள்ளியிலும், அந்தப் புள்ளியை நெருங்கும்போது அளவுகள் எப்படி மாறுகின்றன என்பதைச் சொல்லும் அதே எண்கள் வருகின்றன. நீருக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை, சமச்சீர்மை ஒன்று என்பதைத் தவிர.

இப்போது முதற்கோள் ஆசாமியான தொதரோவ் இதைக் கேட்டால் என்ன தோன்றும்? பழைய விதிகளோடு இந்த ஒரு விதியையும் சேர்ப்போம், இலக்கணம் இறுகும், ஒருவேளை விடையே தனியாகக் கழன்று விழும். 1973-இல் ஜெர்மானியரான கெர்ஹார்ட் மாக்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், கான்ஃபார்மல் சமச்சீர்மையோடு தொடங்கினால் அந்த முடிவிலிகள் இல்லாமலே சமன்பாடுகளை அமைக்கலாம் என்று காட்டினார். 1977-இல் மாக், தோப்ரெவ், பெத்கோவா, பெத்ரோவா, தொதரோவ் ஐவரும் சேர்ந்து ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் வரிசையில் வெளியிட்ட நூல், இந்தச் சமச்சீர்மைக் குலத்தின்மேல் (ஒரு சமச்சீர்மையின் எல்லா உருமாற்றங்களையும் சேர்த்த தொகுப்புக்குக் குலம் என்று பெயர்) எந்தச் சார்பையும் அதன் அடிப்படைச் சுரங்களாகப் பிரிப்பது எப்படி என்று முழுக்கச் சொல்லிவிட்டது. வீணையில் எழும் ஒலியை அதன் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மல்லுக்கட்டியது இந்த நூலோடுதான். படிக்கச் சுகமான நூல் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் குறியீடுகள், மூச்சுவிட இடமில்லை. ஆனால் பிழை தேடினால் கிடைக்காது.

வெளிவந்தபோது உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்த்துவிடவில்லை. அந்தச் சமயத்தில் எல்லார் கவனமும் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் பக்கம் இருந்தது. 1984-இல் பெலாவின், பொல்யகோவ், ஸமலோத்சிகோவ் மூவரும் இரண்டு பரிமாணத்தில் இந்தச் சமச்சீர்மை முடிவில்லாமல் பெருகுகிறது என்பதை வைத்து விடைகளை அள்ளிக் கொட்டியதும், கூட்டம் மொத்தமும் இரண்டு பரிமாணத்துக்குப் போய்விட்டது. தொதரோவும் போனார், ஃபுர்லன், சொத்கோவ் ஆகியோருடன் நீண்ட ஆய்வுத் தொகுப்பே எழுதினார். மூன்று, நான்கு பரிமாண வேலை பரணில் ஏறியது. 2008-இல் ரத்தாஸி, ரிச்கோவ், தொன்னி, விச்சி நால்வரும் கணினியைத் துணைக்கு வைத்து அதே பழைய கேள்வியை மறுபடி கேட்டார்கள்: சமச்சீர்மையும் நிகழ்தகவு விதியும் மட்டும் போதுமா? முப்பரிமாண ஐசிங் மாதிரி என்ற அந்தக் காந்தக் கணக்கில், சுழற்சிப் புலத்தின் (காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு) அளவுமாற்று எண் 0.518149 என்று ஆறு இலக்கத்துக்கு இன்று தெரிகிறது என்றால், அது இந்த வழியில் வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்துப் புதிய தலைமுறை சுரப்பிரிப்பு முறையைத் தேடியபோது, பரணிலிருந்து இறங்கியது 1977-ஆம் ஆண்டு நூல். இப்போது வரும் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டாமல் இந்தத் தலைப்பில் எழுதுவது அரிது.

இங்கேதான் காணொளியின் 'ஹோலோகிராபிக் கோட்பாட்டை முன்பே கண்டுபிடித்தார்' என்ற பேச்சு வருகிறது. 1997-இல் மல்தசேனா, ஒரு வெளியின் உள்ளே நடக்கும் ஈர்ப்பும் அதன் ஓரத்தில் நடக்கும் கான்ஃபார்மல் கோட்பாடும் ஒன்றே என்று முன்வைத்தார்; ஹோலோகிராபிக் கோட்பாடு என்பது இதைத்தான். அதில் பயன்படும் கணிதக் கருவிகளில் சில சோபியா நூலில் ஏற்கெனவே இருக்கின்றன. தோப்ரெவே 1998-இல் அந்த இணைப்பைக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். இது உறுதி. ஆனால் ஈர்ப்பு என்ற சொல்லே அந்த நூலின் நோக்கத்தில் இல்லை. உளி செய்தவர் சிற்பத்தையும் செய்தார் என்று சொல்லக்கூடாது. உளி நல்ல உளி என்பதே போதுமான பாராட்டு.

மறைக்கப்பட்டவர் என்பதும் நிற்காது. அவருடைய நூல்கள் அமெரிக்கப் பதிப்பகத்திலும் ஸ்பிரிங்கரிலும் வந்தன, 1974-லேயே பல்கேரிய அறிவியல் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது. நோபலைப் பொறுத்தவரை, சோதனையில் உறுதிப்பட்ட ஒரு கண்டுபிடிப்பைச் சுட்டிக்காட்ட முடிந்தால்தான் அந்தப் பரிசு பெரும்பாலும் கைக்கு வரும். தொதரோவ் செய்தது அந்த வகை வேலை அல்ல. இதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கான்ஃபார்மல் வேலையை அவர் விட்டுவிடவில்லை. 2001-இல் நிகொலோவுடன் எழுதிய கட்டுரை எனக்கு அவருடைய வேலைகளிலேயே மிகவும் பிடித்தது. கான்ஃபார்மல் சமச்சீர்மையைக் கொஞ்சங்கூட விட்டுக்கொடுக்காமல், சாதாரணக் கால-வெளி முழுவதற்கும் கேட்டால் என்ன ஆகும்? ஓரிடத்துப் புலம் இன்னோர் இடத்துப் புலத்தோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று சொல்லும் தொடர்புச் சார்புகள் எல்லாம் பள்ளியில் படிக்கும் விகிதமுறுச் சார்புகளாக, மேலே ஒரு பல்லுறுப்புக்கோவை கீழே ஒரு பல்லுறுப்புக்கோவை என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. அவ்வளவு எளிமை. பல வருஷம் அந்தப் பாதையில் போனார்கள். எளிய வகை ஒன்றை முழுக்க ஆராய்ந்து முடித்தபோது, அதற்குள் இருந்தது ஒன்றையொன்று பாதிக்காத சுதந்திரப் புலங்கள் மட்டுமே என்று தெரிந்தது. அதையும் அவர்களே நிரூபித்தார்கள். தான் தோண்டிய கிணற்றில் இந்தப் பக்கம் நீரில்லை என்று தானே எழுதி வைப்பது எல்லாருக்கும் வராது.

இன்னொரு வேலை, அதிகம் பேசப்படாதது. 1971-இல், சார்பியல் வேகத்தில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பொருள்களின் கணக்கை ஒரே ஒரு கற்பனைப் பொருளின் கணக்காக மாற்றும் சமன்பாட்டைக் கொடுத்தார். நியூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த 'சுருக்கிய நிறை' உத்தியின் சார்பியல் வடிவம் என்று சொல்லலாம். அந்தக் கற்பனைப் பொருளின் நிறை, இரண்டு நிறைகளின் பெருக்கலை மொத்த ஆற்றலால் வகுத்தது. 1999-இல் புவோனன்னோவும் தமூரும் இரண்டு கருந்துளைகள் சுற்றி ஒன்றாவதைக் கணக்கிடக் கொண்டுவந்த 'ஒருபொருள்' முறையில் வரும் ஆற்றல் உறவும் இதுவும் ஒன்றே. 2015-இல் அமெரிக்காவின் லிகோ ஆய்வகம் பிடித்த ஈர்ப்பலையை அலசப் பயன்பட்ட மாதிரிகளுக்கு அடியில் அந்த முறை இருக்கிறது. இதை வைத்து 'ஈர்ப்பலையும் தொதரோவ் தந்ததுதான்' என்று அடுத்த காணொளி வந்துவிடக்கூடாது. அதே உறவை 1970-இல் பிரெஞ்சுக்காரர்களான பிரெஸான், இட்சிக்சன், ஸின்-ஜுஸ்தன் மூவரும் வேறு வழியில் எட்டியிருந்தார்கள், புவோனன்னோ-தமூர் கட்டுரை சுட்டுவது அவர்களைத்தான்.

கடைசிப் பத்தாண்டில், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, துபுவா-வியோலெத்துடன் சேர்ந்து முற்றிலும் வேறொரு திக்கில் போனார். ஜோர்டன், வான் நாய்மன், விக்னர் மூவரும் 1934-இல் கண்டெடுத்த, எந்த வரிசையிலும் சேராத 27 பரிமாண இயற்கணிதம் ஒன்று உண்டு. அடிப்படைத் துகள்களை விவரிக்கும் இன்றைய கோட்பாடான திட்டமாதிரிக்கு (Standard Model) ஏன் இந்தக் குறிப்பிட்ட சமச்சீர்மைக் குலம் என்ற கேள்விக்கு விடை அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். குலம் அழகாக வந்து விழுகிறது, அது கணிதம், சந்தேகமில்லை. இயற்கை உண்மையிலேயே அந்த வழியாகத்தான் வந்ததா என்பது வேறு கேள்வி. இதுவரை புதிதாக எதையும் முன்கூட்டிச் சொல்லிச் சரிபார்த்ததில்லை. இந்த இயற்கணிதம் என் பயிற்சிக்கு வெளியே இருப்பது, அதனால் என் தயக்கத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காமல் கேட்ட ஒன்று மிச்சம் இருக்கிறது. தம்பி கதைகளுக்கு இலக்கணம் தேடினார், 'நரட்டாலஜி' என்ற சொல்லையே உருவாக்கினார். அண்ணன் புலங்களுக்கு இலக்கணம் தேடினார். நூலகர் வீட்டில் அட்டவணையைப் பார்த்து வளர்ந்த இருவருக்கும் ஒரே புத்தி என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணனின் வழி தூப்னாவிலிருந்தும், தம்பியின் வழி ரஷ்ய உருவவாதிகளிடமிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்தது என்பதற்குத்தான் எழுத்தில் தடம் இருக்கிறது. மற்றது நம் ரசனை.

இலக்கிய மாணவர் என்றதால் ஒரு யோசனை. மூவர் நூலைத் திறக்காதீர்கள், முதல் அத்தியாயத்திலேயே கை கழுவிவிடுவீர்கள். 2005-இல் ஐன்ஸ்டைனும் ஹில்பெர்ட்டும் பொதுச் சார்பியலை உருவாக்கிய கதையை அவர் ஒரு சிறு கட்டுரையாக எழுதியிருக்கிறார், ஆர்க்சைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கும். 1915 நவம்பரில் இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டே ஒரே சமன்பாட்டை நோக்கி ஓடினார்கள். ஹில்பெர்ட் தன் கட்டுரையை 20-ஆம் தேதி கொடுத்தார், ஐன்ஸ்டைன் 25-ஆம் தேதி. ஹில்பெர்ட்டின் அச்சுப்பிரதி டிசம்பரில் திருத்தப்பட்டது என்று 1997-இல் கோரி, ரென், ஸ்டேச்சல் மூவரும் காட்டியதிலிருந்து யார் முந்தி என்ற சண்டை சூடாக நடந்துகொண்டிருந்தது. மூவர் நூலின் இன்னொரு ஆசிரியரான லகுனோவும் அந்தச் சண்டையில் இறங்கி, கோரி குழுவின் முடிவு செல்லாது என்று 2004-இல் எழுதியிருந்தார். தொதரோவ் அதே கதையை அடுத்த வருஷம் எடுத்துக்கொண்டாலும், யாருக்கு வெற்றி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, அந்த மாதத்தில் இருவருக்கும் இடையே வந்த கசப்பும் பிறகு அது தணிந்த விதமும்தான் அவரை அதிகம் இழுத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. சமன்பாடுகள் வரும் இடங்களைத் தாண்டிப் படித்தாலும் கதை புரியும்.